நொதியம் சிதையாமலே செத்த மாடுகள்

2022 டிசம்பர் இரண்டாம் வாரம். வங்கக் கடலில் எழுந்த மாண்டஸ் புயல் இலங்கையின் கிழக்குக் கடலோரத்தை விட்டு விலகி வடமேற்காக நகர்ந்து, 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது. வன்னியில் கூரைகளைப் பிடுங்கிப் போகும் அளவுக்கு அது அடிக்கவில்லை. மழை, விடாமல் வீசிய வாடைக்காற்று, வெயில் முகமே காட்டாத பகல், அவ்வளவுதான். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பட்டி பட்டியாக மாடுகள் செத்துக் கிடந்தன. வடக்கிலும் கிழக்கிலுமாக நூற்றுக்கணக்கான மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் போயின. அதே நாட்களில் நாட்டின் காற்றில் தூசு மிகுந்து, பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது. நச்சுக்காற்றா, புதுநோயா என்று சனம் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் சொன்ன காரணம் குளிர்.

குளிரால் மாடு சாவதென்றால் வன்னியில் யார் நம்புவார்கள்? வெப்பமானி பூச்சியத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைவிடக் கடுங்குளிரில் நுவரெலியாவில் மாடுகள் நின்று பால் தருகின்றன. கேள்வி நியாயமானது. விடை நொதியங்களில் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விடை அதுவல்ல.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்த வரைபு நினைவிருக்கும். கிடையச்சில் வெப்பநிலை, நிலைக்குத்தச்சில் தாக்கவீதம். கோடு இடப்பக்கம் மெல்ல ஏறி, 37, 40 பாகைக்குக் கிட்ட உச்சியைத் தொட்டு, வலப்பக்கம் சரேலென்று விழும். முளைவிட்ட பயற்றை அரைத்து வடித்த அமிலேசை மாப்பொருட் கரைசலோடு கலந்து, அயடீனின் நீலம் மறைய எத்தனை நிமிடம் என்று பார்த்து அந்தக் கோட்டை வரைவோம். பரீட்சையில் உச்சியைத்தான் கேட்பார்கள்: சிறப்பு வெப்பநிலை எவ்வளவு? என் பார்வையில் அந்த வரைபில் சுவை குறைந்த இடமே உச்சிதான். ஏற்றமும் இறக்கமும் ஒரே கோடாக வரையப்பட்டாலும், இரண்டுக்கும் காரணம் வேறு, விளைவும் வேறு.

முதலில் ஏற்றம். வெப்பநிலை 10 பாகை கூடினால் உயிருடல்களில் நடக்கும் தாக்கங்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கு வேகமாகும். சில மூன்று மடங்கும் ஆகும். சூடானால் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன, அடிக்கடி மோதுகின்றன என்று இதற்கு விளக்கம் சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டால் அது தேறாது. 27 பாகையிலிருந்து 37க்குப் போவது தனிவெப்பநிலையில் 300இலிருந்து 310க்குப் போவதுதான். மூலக்கூறுகளின் சராசரி வேகம் அதனால் இரண்டு வீதம்கூடக் கூடாது. இரண்டு வீத வேகம் எப்படி இரண்டு மடங்கு தாக்கமாகிறது என்பதற்கு 1889இல் சுவீடனின் ஸ்வாந்தே அறீனியஸ் வழிகாட்டினார். தாக்கம் நடக்க ஒரு குறைந்தபட்ச ஏவற்சக்தி வேண்டும். அந்த வரம்பைத் தாண்டும் மூலக்கூறுகள் எப்போதும் சிறுபான்மைதான். சராசரி சற்றே உயர்ந்தாலும் அந்தச் சிறுபான்மை இரட்டிக்கும். நொதியம் செய்வது வரம்பையே தாழ்த்துவது.

குளிர்ந்தால் இதே கணக்கு தலைகீழாக நடக்கும். 38 பாகையில் இருந்த உடல் 28க்கு இறங்கினால் தாக்கங்கள் பாதியாகும். இங்கே கவனிக்க வேண்டியது, நொதியத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அதன் புரத மடிப்பு அப்படியே இருக்கிறது. மறுபடி சூடாக்கினால் பழைய வேகத்துக்கு வந்துவிடும். 1999இல் நோர்வேயில் பனிச்சறுக்கின்போது உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்ட ஓர் இளம் பெண் வைத்தியரின் உடல் 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. இதயம் நின்றுபோயிருந்தது. இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடாக்கி உள்ளே விட்டார்கள். அவர் பிழைத்து, பின்னர் தொழிலுக்கும் திரும்பினார்.

அப்படியானால் நம் மாடுகள் ஏன் செத்தன?

ஏனென்றால் உடலில் எல்லாம் ஒரே அளவில் மெதுவாவதில்லை. ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அயன்களை உள்ளேயும் வெளியேயும் தள்ளும் நொதியப் பம்பிகள் இருக்கின்றன. சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளிழுப்பது ஒன்று. இதயத் தசையில் கல்சியத்தைத் திரும்பச் சேமிப்பில் ஏற்றுவது இன்னொன்று. இவை சக்தியைச் செலவழித்து வேலை செய்பவை. குளிரில் வெகுவாகத் தளர்ந்துவிடும். ஆனால் அதே மென்சவ்விலுள்ள துளைகள் வழியாக அயன்கள் தாமாகக் கசிவது குளிரால் அவ்வளவாகக் குறைவதில்லை. ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பவனின் கை விறைத்துப்போகிறது, ஓட்டை மட்டும் பழையபடியே இருக்கிறது. அயன்களின் சமநிலை குலைய, இதயத்தின் மின்துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. இரத்தம் உறையச் செய்யும் நொதியங்களும் மந்தமாகின்றன. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் தசைகளுக்கும் அதே கதிதான்: குளிர் கூடக்கூட நடுக்கம் தளரும், நடுக்கம் தளர உடல் இன்னும் குளிரும். இறந்த மாட்டின் கலங்களில் நொதியங்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருந்திருக்கும். ஒன்றோடொன்று கைகோத்து ஓடவேண்டியவை தம்முள் ஒத்துப்போக முடியாமல்தான் மாடு விழுந்தது.

நுவரெலியா மாட்டுக்கு இது நேராததற்குக் காரணம் காய்ந்த மயிரும் கொட்டிலும் நிறைந்த வயிறும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தடித்த, உலர்ந்த மயிர்ப்போர்வையுள்ள குளிர்நாட்டு மாடு உறைநிலைக்குக் கீழும் சமாளிக்கும். அதே மாடு தொப்பலாக நனைந்தால் 15 பாகையிலேயே வெப்பம் போதாமல் கூடுதலாக எரிக்கத் தொடங்கவேண்டும். அது நன்றாகத் தின்று கொழுத்த மாட்டின் கணக்கு. வன்னியின் நாட்டு மாடு வெக்கைக்கென்றே அமைந்த உடல்: குட்டை மயிர், மெல்லிய தோல், தொங்கும் அலைதாடி. எல்லாம் வெப்பத்தை வெளியே விடுவதற்கான ஏற்பாடு. டிசம்பர் என்பது காலபோகம். வயலெல்லாம் நெல் நிற்க, பட்டிகளைக் காட்டோரங்களுக்குச் சாய்த்துவிடுகிறார்கள். மேய்ச்சற்தரைப் பிரச்சினை வன்னியில் பல வருடங்களாகப் பேசி முடியாத பிரச்சினை. மெலிந்த மாடு, திறந்த பட்டி, கணுக்கால் புதையும் சேறு.

வயிறு பற்றியும் சொல்லவேண்டும். மாட்டின் அசையிரைப்பை 39 பாகையில் வேலை செய்யும் ஒரு நொதித்தற்சாலை. அங்கே கோடானுகோடி பற்றீரியாக்கள் தங்கள் நொதியங்களால் புல்லின் செலுலோசை உடைக்கும்போது கணிசமான வெப்பம் வெளிப்படுகிறது. மழையில் மேயாமல் கூனிக் குறுகி நிற்கும் மாட்டுக்கு அந்த அடுப்பும் தணிந்துபோகிறது. அப்படியான இரவுக்கு ஒரு தகரக் கூரையும் காய்ந்த வைக்கோலும் மருந்தைவிடப் பெரிது. வைக்கோல் பசியையும் ஆற்றும், உள்ளே வெப்பத்தையும் தரும்.

வரைபின் வலப்பக்கச் சரிவுக்கு வருவோம். இது வேறு கதை. நொதியம் என்பது மடிந்த புரதம். அந்த மடிப்பைக் குலையாமல் பிடித்துவைத்திருக்கும் நிகர பலம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஐதரசன் பிணைப்புகளின் அளவுதான். இவ்வளவு மெல்லிய ஏற்பாடு ஏன் என்று கேட்கலாம். வேலை செய்யும்போது நொதியம் சற்று நெளிந்து கொடுக்கவேண்டும். கல்லாய் இறுகினால் வேலை ஓடாது. அதனால் வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் மடிப்பு அவிழ்கிறது, அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. வெந்த முட்டையின் வெள்ளைக்கருவை ஆறவைத்து எவராலும் பச்சையாக்க முடியாது. இடப்பக்கச் சரிவில் திரும்பி வரலாம். வலப்பக்கச் சரிவில் பெரும்பாலும் வழியில்லை. அதிலும் நேரம் சேர்ந்துகொள்கிறது. 45 பாகையில் ஒரு நிமிடம் தாங்கும் நொதியம் ஒரு மணித்தியாலத்தில் பாதி அழிந்திருக்கும். சிறப்பு வெப்பநிலை என்று ஒரே எண்ணை எழுதி முழுப்புள்ளி வாங்கியதெல்லாம் நேரத்தைச் சொல்லாத அரைகுறை விடைதான்.

எல்லா நொதியமும் ஒரே சூட்டில் அவிழ்வதுமில்லை. பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் 60, 65 பாகையிலும் சளைக்காமல் வேலை செய்யும். முற்றிய ஆட்டிறைச்சிக்குள் பப்பாசிக்காயை அரிந்து போடும் வீடுகளில், அடுப்பில் சட்டி சூடேறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் பெரும்பகுதி வேலை முடிகிறது. கொதித்தபின் அதுவும் சிதைந்துவிடும்.

பாலில் இந்த வேறுபாட்டையே ஒரு சாட்சியாக்கியிருக்கிறார்கள். மடியிலிருந்து 38 பாகையில் வரும் பால், வன்னியின் பகலில் அதிகம் ஆறுவதில்லை. பற்றீரியாவின் நொதியங்களுக்கு அது வாய்ப்பான சூடு. சேகரிப்பு நிலையத்துக்குப் போய்ச்சேரச் சுணங்கினால் பால் புளித்துவிடும். குளிரூட்டியில் 4 பாகைக்கு இறக்கினால் அந்த நொதியங்கள் சாவதில்லை, தூங்குகின்றன. கொல்வதற்குப் பாச்சர்முறை: 63 பாகையில் அரை மணித்தியாலம், அல்லது 72 பாகையில் 15 வினாடி. சரியாகச் சூடாக்கினார்களா என்று பின்னர் எப்படித் தெரிந்துகொள்வது? பாலில் இயல்பாகவே காரப் பொசுபற்றேசு என்ற நொதியம் உண்டு. காசநோய்க் கிருமியைவிட மயிரிழை கூடுதலாகச் சூட்டைத் தாங்குவது அது. அந்த நொதியம் செத்திருந்தால் கிருமியும் செத்திருக்கும். 1930களில் இங்கிலாந்தில் உருவான இச்சோதனையை இன்றும் பாற்பண்ணைகள் செய்கின்றன. சேர்த்த இரசாயனம் மஞ்சளானால் நொதியம் உயிரோடிருக்கிறது, பால் போதிய சூடு காணவில்லை. அதேவேளை குளிரில் வளரும் சில பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் புரதச் சிதைப்பு நொதியங்கள் 130 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலும் முழுதாக அழிவதில்லை. மாதக்கணக்கில் கெடாத பெட்டிப்பால் சிலவேளை கசப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வயல். வன்னியில் வெப்பம் உண்மையில் பணத்தைத் தின்னும் இடம் இது.

நெல்லின் பச்சை இலையில் காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடக்கிவைப்பது ருபிஸ்கோ என்ற நொதியம். உலகில் மிகுந்து கிடக்கும் புரதங்களில் ஒன்று, சோம்பேறிகளில் முதன்மையானது. சாதாரண நொதியம் வினாடிக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மூலக்கூறுகளைக் கையாளும். இது மூன்று, நான்கோடு நிற்கும். சூட்டுக்கு ருபிஸ்கோ அவ்வளவு இளகாது. 45 பாகையைக் கடந்தும் சிதையாமல் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பணியாள் நொதியம் உண்டு. ருபிஸ்கோவின் மையத்தில் அடிக்கடி வந்து அடைத்துக்கொள்ளும் சர்க்கரைகளை எடுத்து எறிந்து அதை மறுபடி இயங்கவைப்பது அதன் வேலை. ருபிஸ்கோ அக்டிவேசு என்பார்கள். இந்தப் பணியாள் 35 பாகையைத் தாண்டும்போதே பல பயிர்களில் தடுமாறத் தொடங்கிவிடுகிறது. இலையில் எத்தனையோ நொதியங்கள் இன்னும் நல்ல திடத்தில் நிற்க, பலவீனமான இந்த ஒன்று முழு ஒளித்தொகுப்பையும் மந்தமாக்கிவிடுகிறது.

சித்திரையிலிருந்து ஆவணிவரை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிற்பகல் 35 பாகையைத் தொடுவது புதினமில்லை. அது காற்றின் வெப்பநிலை. இலையின் வெப்பநிலை வேறு. வேரில் தண்ணீர் நிற்கும்போது இலை ஆவியுயிர்ப்பால் தன்னைக் காற்றைவிடச் சில பாகை குளிராக வைத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் இலைவாய்கள் மூட, வெயிலில் இலை காற்றைவிடச் சூடாகும். ஆகவே சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்று கூட்டம் கூடிப் பங்கிடும்போது, தாகத்துக்கு மட்டும் அளப்பதாக நினைக்கவேண்டாம். கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்த்த அந்தத் தண்ணீர்தான் அக்டிவேசு நொதியத்துக்கு நிழலும். வாய்க்கால் கடைசியில் இருக்கும் வயலில் சோளகக் காற்றுக்கும் வெயிலுக்கும் பயிர் முதலில் வாடுவதில் இரண்டு நட்டமும் சேர்ந்திருக்கிறது.

ருபிஸ்கோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. காபனீரொட்சைட்டுக்குப் பதில் ஒட்சிசனையும் அது தவறிப் பிடித்துவிடும். பிடித்தால், முன்பு சேர்த்த காபனில் ஒரு பங்கு வீணாகும். சூடு ஏறஏற இந்தத் தவறு கூடும். நீரில் கரையும் காபனீரொட்சைட்டு ஒட்சிசனைவிட வேகமாகக் குறைவது ஒரு காரணம், நொதியத்துக்கே பிரித்தறியும் திறன் மங்குவது மற்றது. குரக்கன், சோளம், சாமை, வரகு ஆகியவை இந்தச் சிக்கலைத் தாண்டிவிட்டவை. வேறொரு நொதியம் காபனீரொட்சைட்டை முதலில் பிடித்து, உள்ளடுக்குக் கலங்களில் ருபிஸ்கோவின் முன்னால் குவித்துக் கொடுக்கும். ஒட்சிசனுக்கு அங்கே இடமில்லை. வன்னிக் காட்டோரச் சேனைகளில் முன்னோர் நெல்லைவிட்டு இவற்றை விதைத்தது தண்ணீர் இல்லாததால் என்று சொல்வோம். வெக்கையும் அதே பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

பகல் இப்படியென்றால் இரவும் சும்மா இருப்பதில்லை. பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1992 முதல் 2003 வரையான தன் வயற்பதிவுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு பலரை அதிரவைத்தது. வறண்ட போகத்தில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை கூடினால் விளைச்சல் பத்து வீதமளவில் குறைந்திருந்தது. பத்து என்ற எண் எல்லா மண்ணுக்கும் அப்படியே பொருந்தாது. சுவாச நொதியங்கள் சூடான இரவில் வேகமெடுத்து, பகல் முழுதும் சேர்த்ததில் ஒரு பங்கை எரித்துவிடுவது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பால் பருவத்தில் வெக்கை பட்டால் மணிக்குள் மாப்பொருள் கட்டும் நொதியங்கள் தளர்ந்து, அதை உடைக்கும் அமிலேசு தலைதூக்கும். மணியில் வெண்ணிறத் திட்டு விழும், ஆலையில் குறுணல் கூடும். புழுங்கவைக்கும்போது மாப்பொருள் வெந்து இறுகித் திட்டு மறைந்துவிடுவதால், புழுங்கலரிசி தின்னும் நம் ஊரில் இது பச்சையரிசிக்காரருக்குத் தெரியும் அளவு கண்ணில் படுவதில்லை.

கடைசியாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நொதியம். யூரியாவை அமோனியாவாக உடைக்கும் யூரியேசு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிலிருந்து வெளியேறி, அவை செத்தபின்னும் களிமண் துணிக்கைகளில் ஒட்டியபடி வேலை செய்துகொண்டிருக்கும். முதன்முதலில் பளிங்காக்கப்பட்ட நொதியமும் இதுதான். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் 1926இல் வாளவரை இனத்துப் பருப்பிலிருந்து அதைப் பிரித்து, நொதியம் புரதம்தான் என்று காட்டினார். இடக்கைப் பழக்கமுள்ள அவர் பதினேழு வயதில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையையே இழந்தவர். பெரிய விஞ்ஞானிகள் பல ஆண்டு அவரை நம்பவில்லை. நோபல் பரிசு 1946இல் வந்தது.

இந்த யூரியேசுக்கு 60 பாகையளவு சூடு வேண்டும் உச்சியைத் தொட. வன்னியின் வயல் நீர் எவ்வளவு காய்ந்தாலும் அது இன்னும் ஏறுசரிவிலேயே நிற்கும். சூடு கூடக்கூட யூரியா வேகமாக உடையும். நெல்லின் வேர் எடுத்துக்கொள்ளும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. தேங்கிய நீரில் பாசி இருந்தால் நடுப்பகல் ஒளித்தொகுப்பில் அது நீரின் காபனீரொட்சைட்டை உறிஞ்ச, நீர் காரத்தன்மை பெறும். கார நீரில் அமோனியா வாயுவாகி எழும்பும், காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். சூடு, பாசி, காற்று மூன்றும் உச்சமாகும் அந்த நேரத்தில் தேங்கிய நீரில் பசளை எறிந்தால், 2021இல் இறக்குமதித் தடை வந்தபின் எந்த விலைக்கு வாங்கினோம் என்று இன்னும் மறக்காத அந்த மூடையில் ஒரு பங்கு வானத்துக்குத்தான். நீரை வடித்துவிட்டுச் சேற்றில் எறிந்து, பிறகு தண்ணீர் விட்டால் யூரியா மண்ணுக்குள் இறங்கிவிடும். யூரியேசின் மையத்திலுள்ள நிக்கல் அணுக்களை அடைத்து அதன் கையைக் கட்டும் பூச்சுள்ள யூரியாவும் பல நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. ஆனால் குளிர்நாட்டு மண்ணில் இரண்டு கிழமை தாக்குப்பிடிக்கும் அந்தத் தடுப்புப் பொருளையும் வெப்பம் வேகமாகச் சிதைத்துவிடுவதால், சிறுபோக வயலில் அதன் ஆயுள் அதைவிடக் குறைவு.